மேலே திருப்புகிறவள், கீழே பிடிக்கிறவள்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எலி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மா படகு மெத்தைகளுக்கு உறை தைத்துத் தைத்து விரல் நுனியெல்லாம் சல்லடையாகிவிட்டது. அப்பா வழக்கம்போல். வழக்கம்போல் என்றால் எப்படி என்று உனக்கே தெரியும்.

கடிதம் எதற்கு, போன் செய்யேன் என்று போன தடவை எழுதியிருந்தாய். போனைக் காதில் வைத்ததும் எனக்கு வார்த்தைகள் எங்கேயோ ஓடிவிடுகின்றன. 'ம்' மட்டும்தான் மிஞ்சுகிறது. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னபோதும் இதே கதைதான். அதனால்தானே படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் பட்டறையில் வந்து புகுந்துகொண்டேன். காகிதம் பரவாயில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். பல் டாக்டரின் பாய்மரப் படகு திரும்பி வந்துவிட்டது. போன வருஷம் நீ வீட்டை விட்டுப் போகக் காரணமாக இருந்த அதே படகு. மழை பெய்தால் இப்போதும் உள்ளே கட்டில்மேல் சொட்டுகிறது. டாக்டர் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, "சரி பண்ணியாச்சுன்னு சொன்னீங்களே? என் வீட்டுக்காரி தொப்பலா நனைஞ்சு எழுந்து, இதை வித்துட்டு ஒரு குடை வாங்கலாம்னு சொல்றா" என்றார். இந்தத் தடவையும் ஒழுகினால் வேறு பட்டறைக்குப் போய்விடுவாராம். அப்பா சிரிக்கவில்லை. மேல்தளத்தில் இருக்கும், கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் கம்பிக்கால், கயிறு கட்டும் கொம்பு, கப்பி எல்லாவற்றையும் கழற்றி, துளைகளில் தண்ணீர் இறங்காமல் அடைக்கும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டி, புதிதாகப் பூசி மாட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மேல நீ ஏறு" என்றார்.

அக்கா, எனக்கு மேலே ஒன்றும் தெரியாது. இத்தனை நாளும் நீ மேலே, நான் கீழே. நீ போல்ட்டைத் திருப்புவாய், நான் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு நட்டு சுற்றாமல் ஸ்பேனரால் பிடிப்பேன். ஒரு படகின் மேல்தளம் அடியிலிருந்து எப்படி இருக்கும் என்று கேள், கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன். மேலே நீ என்ன செய்தாய் என்று கேட்டால், உன் முழங்கால் தட்டும் சத்தம்தான் தெரியும். அரை வேலைதான் கற்றிருக்கிறேன் என்று இப்போதுதான் உறைக்கிறது.

போல்ட்டுகள் அசையவே மாட்டேன் என்கின்றன. ஸ்டீல் போல்ட்டும் கம்பிக்காலின் அலுமினிய அடித்தட்டும் உப்புக் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் வெள்ளை மாவாகப் பூத்துக் கிடக்கிறது. எப்படிக் கழற்றுவது? அதைவிடப் பெரிய குழப்பம், தண்ணீர் எங்கே இறங்குகிறது என்பது. சொட்டுவது கட்டிலின் இடது ஓரத்தில். அதற்கு நேர் மேலே ஒரு துளைகூட இல்லை. ஹோஸைப் பிடித்துத் தண்ணீர் அடித்துவிட்டு உள்ளே ஓடிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. சரி என்று சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் சொட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் கேட்கவேண்டும். போன வருஷம் இது முதல் தடவை ஒழுகி வந்த அன்று அப்பா, "யார் பூசினது?" என்று கத்தினார். நீ, "நான்தான். சரியாப் பூசல" என்றாய். "அப்போ இனிமே மேல ஏறாத" என்றார். அந்த வாரமே நீ பெட்டியைக் கட்டினாய். அப்பா எதையும் கழற்றாமல் ஓரத்தில் மட்டும் பூசி டாக்டரிடம் கொடுத்துவிட்டார். ஆனால் அக்கா, நீ பூசும்போது அடியில் நான்தானே இருந்தேன்? துளை வழியாகப் பேஸ்ட் பிதுங்கி என் மூக்கின்மேல் விழுந்தது. நிறையவே பூசியிருந்தாய். பிறகு ஏன் அப்படிச் சொன்னாய்?

பதில் போடு.

உன்
எலி


மார்ச் 11

என் செல்ல எலிக்கு,

கடிதம் கிடைத்தது. இவ்வளவு பேசுகிற பெண்ணை ஊமை என்று எந்த டீச்சர் சொன்னாள்? கூட்டிக்கொண்டு வா, படிக்கக் கொடுக்கிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் இப்போது என்னை ரிப்பேர் மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். இங்கே ஸ்க்ரூ எல்லாம் எறும்பு அளவுதான். தும்மினால் போச்சு, தரையில் கவிழ்ந்து படுத்துத் தேட வேண்டியதுதான். இறுகிப்போனால் அதற்கும் எண்ணெய்தான் விடுகிறோம். உலகம் முழுக்க ஸ்க்ரூவுக்கு ஒரே புத்திதான் போலிருக்கிறது.

உன் போல்ட்டுகளுக்கு வருகிறேன். துரு இளக்கும் எண்ணெயை விட்டுவிட்டு அன்றைக்கு அந்தப் பக்கமே போகாதே. மறுநாள் போல்ட் தலையில் இருக்கும் வெட்டை ஆணி நுனியால் சுத்தமாகச் சுரண்டு. அழுக்கு இருந்தால் ஸ்க்ரூடிரைவர் வழுக்கும், தலை மழுங்கிவிடும், பிறகு உன் பாடு திண்டாட்டம். கழற்றும் பக்கம் உடனே திருப்பாதே. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி திருப்பு. 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் கழற்று. அப்படியும் வராவிட்டால் சுத்தியலால் அடித்தால் திரும்பும் டிரைவர் ஒன்று அப்பாவின் பச்சைப் பெட்டியில் இருக்கும். அதற்கும் அசையாவிட்டால் ஈயப் பற்று வைக்கும் சூட்டுக்கோலைத் தலைமேல் வைத்துச் சூடேற்று. எதற்கும் மசியாததைத் துளைபோட்டுத் தலையை எடுத்துவிடு. அதனுடன் வீம்பு பிடிக்காதே. நீ நிறுத்த மாட்டாய், அதுவும் நிறுத்தாது.

தண்ணீர் விஷயம். மேலே இறங்கின தண்ணீர் நேராக விழாது. மேல்தளத்துக்கும் உள்கூரைப் பலகைக்கும் நடுவில் சரிவு எங்கே இருக்கிறதோ அங்கே ஓடி, கடைசியில் ஏதாவது ஓட்டை கிடைத்தால்தான் சொட்டும். அதனால் பலகையைக் கழற்றிவிட்டுப் பார். ஊற்றிவிட்டு உடனே போய் எட்டிப் பார்க்காதே. அதுவும் உன்னை மாதிரிதான், நாலு பேர் பார்த்தால் வெளியே வராது.

மற்றபடி அந்தப் பழைய கதையெல்லாம் இப்போது எதற்கு? கத்தினார், போனேன். விடு. அம்மாவின் முதுகுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

'டிக்' சத்தம் வந்தது! அதைக் கேட்டதும் யாரும் இல்லாத மேல்தளத்தில் நானே கை தட்டிக்கொண்டேன். கீழே நின்றிருந்த வண்ணம் பூசுகிறவர் அண்ணாந்து பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் எல்லாம் அப்படி நல்ல பிள்ளையாக வரவில்லை. மேலே நான் திருப்பினால் கீழே நட்டும் சேர்ந்து சுற்றுகிறது. பிடிக்க ஆள் இல்லை. மேலே ஏறுவதும் உள்ளே இறங்குவதுமாகக் கால் கழன்றுவிட்டது. கடைசியில், பூட்டிக்கொள்ளும் குறடு இருக்கிறதே, அதை நட்டில் கவ்வ வைத்துவிட்டு வந்து மேலே திருப்பினேன். குறடு சுற்றி வந்து பக்கத்துக் குறுக்குக் கட்டையில் இடித்து நின்றது. கட்டையில் ஒரு வடு. என் இடத்தில் இப்போது ஒரு குறடு படுத்திருக்கிறது, அக்கா. அதற்கு முழங்கை வலிப்பதில்லை.

ஒரு போல்ட்டைச் சூடேற்றப் போய் வண்ணத்தைக் கருக்கிவிட்டேன். இன்னொன்றின் தலையைத் துளைபோடும்போது நுனி வழுக்கி மேல்தளத்தில் ஒரு கோடு. அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "பல் டாக்டருக்கே பல்லு பிடுங்கிக் காட்றியா?" என்றார். அவ்வளவுதான். நான் உள்ளே இறங்கிப் பாய் மூட்டைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

உள்கூரைப் பலகைகளையும் எடுத்துவிட்டேன். நீ சொன்னது சரி. ஒரு பெரிய கறை, முன்பக்கத்திலிருந்து கட்டில் வரை பழுப்பாக நீண்டு கிடக்கிறது.

இப்போது எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. கழற்றிய ஒவ்வொரு அடித்தட்டின் அடியிலும் பார்த்தேன். எல்லா இடத்திலும் பேஸ்ட் இருக்கிறது. குறைவாக எங்கேயும் இல்லை. ஆனால் போல்ட்டைச் சுற்றி அது வட்டமாகக் கிழிந்து, முறுக்கின துணி மாதிரி இருக்கிறது. அந்த வழியாகத் தண்ணீர் போய் மரம் கறுத்திருக்கிறது. ஒவ்வொன்றும் இப்படி. முன்பக்கம் இடது கம்பிக்காலில் ஒரே ஒரு போல்ட்டைத் தவிர. அங்கே மட்டும் பேஸ்ட் ரப்பர் வளையம்போல முழுசாக இருக்கிறது, மரம் புதுசுபோல வெளுப்பாக இருக்கிறது. அதே கம்பிக்கால், அதே நாள், அதே டப்பா. அந்த ஒன்றில் நீ என்ன வேறு மாதிரி செய்தாய்? யோசித்துச் சொல். நான் கீழே இருந்ததால் எனக்குப் பாதிதான் தெரியும்.

நீ கேட்டாயோ இல்லையோ சொல்கிறேன். உன் கடிதம் வந்தால் அம்மா அதை அரிசி டப்பா மேல் வைக்கிறாள். அப்பா சமையலறைக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, உறையைப் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டுப் போகிறார். அன்றைக்கெல்லாம் அவருக்குத் தாகம் அதிகம்.

எலி


மார்ச் 29

எலிக்கு,

நான் ஒன்றும் வேறு மாதிரி செய்யவில்லையே. அந்த இடது கம்பிக்கால் ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அன்று உன்னை அழ வைத்தேன். முதல் நாள் எல்லா போல்ட்டையும் பேஸ்ட்டோடு போட்டு லேசாக இறுக்கினோம். மறுநாள், பேஸ்ட் உலர்ந்த பிறகு, அப்பா முறைப்படி இரண்டாவது இறுக்கு. நான் ஒவ்வொன்றாக மேலிருந்து திருப்பிக்கொண்டே வந்தேன். அந்த ஒன்றில் மட்டும் தலை மழுங்கி டிரைவர் நிற்கவில்லை. நான் அதன்மேல் முழு பலத்தையும் வைத்து அழுத்திக்கொண்டு, "எலி, நீ நட்டைத் திருப்புடீ!" என்று கத்தினேன். உனக்குக் கை நுழையாத மூலை. முழங்கை தோல் உரிந்து அழுதுகொண்டே திருப்பினாய். அவ்வளவுதான் வித்தியாசம். ஏன் கேட்கிறாய்?

இங்கே நேற்று ஒரு பாட்டியம்மா கடையில் இருந்த எல்லாக் கண்ணாடிகளையும் போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும், "இதுல நான் கோபக்காரியா தெரியறேனா?" என்று கேட்டார். இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில், "எனக்குக் கோபக்காரியா தெரியணும்மா. மருமகன் வரார்" என்றார்.

என் அறை ஜன்னலில் ஒரு செடி வைத்திருக்கிறேன். பூக்காத வகை. யாரும் என்னைக் கத்திக் கூப்பிடுவதில்லை என்பது முதலில் காதுக்கே பழகவில்லை. இப்போது பழகிவிட்டது.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உட்கார்ந்து படி.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குள் ஏதோ அசைந்தது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. அதனால் சோதித்துப் பார்த்தேன். பட்டறைக் குப்பையிலிருந்து இரண்டு பலகைத் துண்டுகள் எடுத்தேன். இரண்டிலும் துளைபோட்டு, ஒரே மாதிரி பேஸ்ட் பூசி, ஒரே மாதிரி அடித்தட்டை வைத்துப் போல்ட் போட்டு லேசாக இறுக்கினேன். மறுநாள் ஒன்றை அப்பா முறைப்படி தலையைத் திருப்பி இறுக்கினேன். மற்றதில் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பினேன். பிடிப்பதற்கு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"என்னடி பண்றே?" என்றாள்.

"சும்மா."

"சும்மாவா? உங்க அப்பாவும் இப்படித்தான் சும்மா சும்மான்னு ஆரம்பிச்சு ஒரு பட்டறையே கட்டிட்டாரு. மாவு பிசைஞ்ச கை, வழுக்குது. சீக்கிரம் திருப்பு."

அடி வெட்டின பாட்டிலை ஒவ்வொரு அடித்தட்டைச் சுற்றியும் நிறுத்தி ஒட்டி, வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் ஒரு பலகை அடியில் ஈரம், ஒன்றில் இல்லை. ஆனால் எது எந்தப் பலகை என்று அடையாளம் போட மறந்துவிட்டேன்! தலையில் அடித்துக்கொண்டேன். அம்மா, "எனக்கு ஞாபகம் இருக்கு, மாவு ஒட்டினதுதான் நான் பிடிச்சது" என்றாள். இரண்டிலும் மாவு இருந்தது.

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை பென்சிலால் பெரிதாக எழுதினேன். அக்கா, ஒழுகியது தலையைத் திருப்பினது. நட்டைத் திருப்பினது காய்ந்து கிடக்கிறது. நம்பாமல் இன்னொரு ஜோடி செய்தேன். அதே.

புரிகிறதா? பேஸ்ட் உலர்ந்த பிறகு போல்ட்டைத் திருப்பினால், அதைச் சுற்றி ஒட்டியிருப்பது கிழிந்துவிடுகிறது. தண்ணீர் போக நாமே வழி வெட்டிக் கொடுக்கிறோம். போல்ட்டை அசைக்காமல் நட்டை மட்டும் இறுக்கினால் பேஸ்ட்டுக்கு ஒன்றும் ஆவதில்லை. இத்தனை படகுகளிலும் நீ திருப்பக்கூடாததைத் திருப்பினாய், நான் திருப்பவேண்டியதைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்பா நம் இரண்டு பேரையும் அப்படித்தான் நிறுத்தினார். உனக்குக் கையில் பலம் என்று மேலே. எனக்குக் கூச்சம் என்று கீழே. அதுவே முறையாகிவிட்டது.

உன் தப்பு இல்லை, அக்கா. நீ பூசினதில் ஒரு குறையும் இல்லை. அப்பா உன்னைச் சொன்னது அநியாயம். பலகைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவரிடம் காட்டிவிடுகிறேன். எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை, ஆனால் பலகை பேசும். நீ திரும்பி வந்துவிடலாம். உன் கட்டில்மேல் இருந்த துணிகளை எல்லாம் எடுத்துவிட்டேன். அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை, நீ சரி என்று எழுதினதும் சொல்கிறேன்.

எப்போது வருகிறாய்?

உன்
எலி


ஏப்ரல் 19

எலிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன்.

கெட்டிக்காரி நீ. நான் அந்தத் தளத்தின்மேல் மண்டியிட்டு நகர்ந்த தூரத்துக்கு ஒரு ஊரைச் சுற்றி வந்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை, உனக்குத் தோன்றியது.

ஆனால் அப்பாவிடம் சொல்லாதே.

கோபப்படாமல் படி. அன்று அவர் கத்தியபோது நான் சரியாகத்தான் பூசினேன் என்று எனக்கும் தெரியும். 'சரியாப் பூசல' என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். எனக்கு அந்த வேலை வேண்டாம், எலி. ரொம்ப நாளாகவே வேண்டாம். வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, "எனக்குப் பையன் எதுக்கு, என் ரெண்டு பொண்ணும் போதும்" என்று சொல்லிச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்று 'நான் போகிறேன்' என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீதான் வாய் திறக்காதவள் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அன்று அவராகவே ஒரு கதவைத் திறந்தார். 'இனிமே மேல ஏறாத.' நான் நுழைந்து வெளியே வந்துவிட்டேன்.

அவர் என்னைத் துரத்தினார், அதனால் நான் போனேன். இதுதான் எனக்கும் அவருக்கும் நடுவில் இருக்கிற கணக்கு. அவர் கோபமாக இருக்கிறார், நான் ரோஷமாக இருக்கிறேன், இரண்டு பேருக்கும் ஒரு மரியாதை. நீ போய் என் தப்பு இல்லை என்று நிரூபித்துவிட்டால், அவர் வந்து வாசலில் நிற்பார். 'வாம்மா' என்பார். அப்போது நான் எதைச் சொல்லி வராமல் இருப்பது? உங்களைப் பிடிக்கும், உங்கள் வேலை பிடிக்காது என்றா? அதைச் சொன்னால் அவர் தாங்க மாட்டார்.

நான் தப்பு செய்தவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அது எனக்கு வசதியாக இருக்கிறது.

கட்டில்மேல் துணியை மறுபடி போட்டுக்கொள்.

அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

தப்பு செய்யாதவள் தப்பு செய்தேன் என்கிறாள். அதைத் தப்பில்லை என்று நிரூபித்தால் அவளுக்குக் கஷ்டம் என்கிறாள். என் தலைக்குள்ளேயே ஏதோ மேலே இறங்கி வேறு எங்கேயோ சொட்டுகிறது.

நீ போனபோது நானும் கொஞ்ச நாள் அப்பாவிடம் முகம் கொடுக்கவில்லை, தெரியுமா? உன்னைத் துரத்திவிட்டார் என்று. அதெல்லாம் எதற்கு? யாருக்காக நான் கோபமாக இருந்தேன்? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. நான் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன், எனக்குத்தான் வாயே கிடையாதே.

நீ கேட்டபடி சும்மா இருக்கலாம் என்று பார்த்தேன். முடியாது போலிருக்கிறது. டாக்டர் படகை அடுத்த வாரம் தண்ணீரில் இறக்கவேண்டும். எல்லாவற்றையும் பேஸ்ட் பூசி மாட்டி லேசாக இறுக்கியாகிவிட்டது. பேஸ்ட் நன்றாக உலர்ந்ததும் இரண்டாவது இறுக்கு. அப்பா கீழே படுத்து நட்டைப் பிடிப்பார், நான் மேலே திருப்பவேண்டும். நான் திருப்பினால் மறுபடி ஒழுகும், டாக்டர் போய்விடுவார், இந்தத் தடவை 'யார் பூசினது' என்பதற்கு நான் பதில் சொல்லவேண்டும். திருப்பாவிட்டால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் நீ மாட்டிக்கொள்வாய். என்ன செய்வது? சீக்கிரம் எழுது. போன் செய்தாலும் சரி. எடுத்துப் பேசுகிறேன்.

எலி


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. போனும் வரவில்லை. இறுக்க வேண்டிய நாள் வந்துவிட்டது.

நடந்ததைச் சொல்கிறேன். அப்பா வயிற்றை எக்கிக்கொண்டு, முனகிக்கொண்டு, முன்பக்கம் என் பழைய இடத்தில் போய்ப் படுத்தார். நான் மேலே. அடியிலிருந்து குரல் வந்தது. "பிடிச்சுட்டேன். திருப்பு."

நான் டிரைவரை வெட்டில் வைத்தேன். திருப்பவில்லை.

"என்ன, தூங்கிட்டியா? திருப்பு!"

"மாட்டேன்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என்ன?"

"மாட்டேன்! நான் பிடிச்சுக்கறேன். நீங்க திருப்புங்க!" என்று கத்திவிட்டேன், அக்கா. பட்டறையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நட்டையா? எந்த ஊர்ல நட்டைத் திருப்பறாங்க? இங்க கை நுழைய இடமே இல்ல!"

"எனக்கு நுழைஞ்சுதே. உங்களுக்கும் நுழையும்."

பிறகு உள்ளே ஏதோ உருண்டது. அப்பா ஏறி வந்தார். நெற்றியில் சிராய்ப்பு. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பலகைகளைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். பென்சில் எழுத்தைப் படித்தார். புரட்டிப் பார்த்தார். "தண்ணி கொண்டா" என்றார். அவரே ஊற்றினார். அங்கேயே மேல்தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை. அம்மா வந்து கீழேயிருந்து, "ரெண்டு பேரும் பலகைக்குத் தவம் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கடைசியில் ஒரு பலகையின் அடியில் ஒரு சொட்டு தொங்கியது. அவர் அதை விரலால் தொட்டார்.

"நான்தான் இப்படிச் சொல்லிக்கொடுத்தேன்" என்றார். அவர் யார் யாருடைய படகு என்று முணுமுணுக்க ஆரம்பித்தார். வாத்தியார் படகு, மீன்கடைக்காரர் படகு, இரட்டையர்கள் படகு. எல்லாம் நீயும் நானும் இறுக்கினவை.

பிறகு நான் பயந்த இடத்துக்கு அவரே வந்துவிட்டார். "அப்போ அவ சரியாத்தான் பூசியிருக்கா."

"ம்" என்றேன்.

"பின்ன ஏன் ஒத்துக்கிட்டா?"

எனக்குத் தெரியும். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அது என்னுடையது இல்லையே. "அதை அவகிட்டதான் கேக்கணும்" என்றேன். அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கேட்காமலே அவருக்கு ஏதோ பாதி புரிந்தது என்று நினைக்கிறேன். அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ. அவர் முகம் கோபமா வருத்தமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உன் கடைக்கு வந்த பாட்டியம்மா ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டுப் பார்த்த மாதிரிதான்.

அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கி ஒவ்வொரு நட்டாகத் திருப்பினார். நான் மேலே போல்ட்டுகளை அசையாமல் பிடித்துக்கொண்டேன். பிடிப்பது எனக்குப் பழக்கம்தானே. ஹோஸ் போட்டு ஊற்றிவிட்டு, எட்டிப் பார்க்காமல், மறுநாள் வரை காத்திருந்தோம். டாக்டரின் மெத்தை காய்ந்து இருந்தது. டாக்டர் வந்தபோது அப்பா, "போன வருஷம் என் பொண்ணு மேல தப்பு சொன்னேன். தப்பு என் முறையில" என்றார். டாக்டர், "எனக்கு என்ன, தண்ணி வரலன்னா சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா யாரிடம் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. உனக்குக் கடிதம் எழுதுகிற நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது வாத்தியார் படகிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்யப் போகிறோம்.

நீ சொல்லாதே என்றாய். சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள். ஆனால் ஒன்று கேள். துரத்தப்பட்டவளாக இருந்தால்தான் ஒருத்தி வேறு ஊரில் இருக்கலாம் என்று யார் சொன்னது? உனக்குச் செடி வைக்க ஒரு ஜன்னல் இருக்கிறது, கத்தாத ஒரு கடை இருக்கிறது, பிடித்திருக்கிறது, இருக்கிறாய். எனக்கு இங்கே பிடித்திருக்கிறது, இருக்கிறேன். நான் இதை இத்தனை நாள் குழப்பிக்கொண்டு, எல்லாவற்றையும் இறுக்கி முடித்தால் நீ வந்துவிடுவாய் என்று நினைத்திருந்தேன். இனி எப்போது வருகிறாய் என்று கேட்க மாட்டேன். கட்டிலில் அம்மாவின் மெத்தை உறைகளை அடுக்கிவிட்டோம்.

ஒன்று மட்டும். நேற்று அப்பா என்னிடம் வந்து உன் முகவரியைக் கேட்டார். உறையின் பின்பக்கத்தில்தான் இருக்கிறது, அரிசி டப்பா மேல்தான் இருக்கிறது, அவர் எடுத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. என்னிடம் கேட்டார்.

"அவளைக் கேட்டுட்டுத் தரேன்" என்றேன்.

"சரி, கேளு" என்றார். சொல்லிவிட்டுப் போகவில்லை. நீ பக்கத்து அறையில் இருப்பதுபோல அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

கேட்கிறேன், அக்கா.

எலி